காதில் வில்லை போட்ட பசு

சகாராவின் மணற்பாறை மேட்டில் மழையை வரவழைப்பது கதிரேசனின் வேலை. அங்குள்ள ஆதிகாலப் பாறை ஓவியங்களைக் காப்பது அவன் மனைவி உமையாளின் வேலை. அன்று சாரல் குகைக்குள் அடித்து, செங்காவியில் தீட்டிய பசு ஒன்று கரைந்து போயிருந்தது.

"உன் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டேனே. மழையை நிறுத்திடட்டுமா?"

"இங்க மழை பெய்ஞ்ச காலத்துலதாங்க இதையே வரைஞ்சாங்க. புல்லே இல்லாத ஊர்ல பசுவுக்கு எங்க போறது?"

வெளியே, புதிதாக முளைத்த புல்லில் பண்ணைப் பசு ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. உமையாள் காவிக்கல்லை அரைத்துக் குழைத்து, சாரல் படாத பாறையில் அந்தப் பசுவை வரைந்தாள். அதன் காதில் தொங்கிய, பண்ணை எண் போட்ட பிளாஸ்டிக் வில்லையையும் விடவில்லை.

"அது எதுக்கு?"

"அவங்களும் கண்ணால பார்த்ததைத்தான் வரைஞ்சாங்க. வில்லை என்னன்னு பின்னால வர்றவங்க மண்டையை உடைச்சுக்கட்டும்."