பிள்ளைத்தாச்சி கேட்ட விரால்

"அத்தனையும் எனக்கே குடுத்துரு ராஜஸ்ரீ. ஒண்ணுகூட வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது."

நீலா தூக்குச்சட்டியைக் கையோட பிடுங்கிக்கிட்டா. உள்ளே விரால். இன்னும் துள்ளிக்கிட்டிருந்தது.

பாத்திரம் தேய்க்க வர்ற ராஜஸ்ரீயோட புருஷன், வேலை இல்லாத நாள்ல சிஞ்ச்வட் பாலத்துக்குக் கீழே பவனா ஆத்துல வலை போடுவான். நீலாவை ராஜஸ்ரீ அண்ணி முறை வெச்சு 'பாபி'ன்னுதான் கூப்பிடுவா.

"பாபி, சின்னவன் காலையிலேருந்து மீன் மீன்னு உயிரை எடுக்கறான். அவனுக்கு ஒண்ணு மட்டும்..."

"ஊஹூம். வயித்துல இருக்கிறது கேக்குது."

ராஜஸ்ரீ உடனே சரின்னு தலையாட்டிட்டா. பிள்ளைத்தாச்சிக்கு வர்ற ஆசையை அவங்க பாஷையிலே 'டோஹாளே'ன்னு சொல்லுவாங்க. அதுக்கு மாட்டேன்னு சொல்றது அவங்க பக்கம் பெரிய பாவம்.

வெறுஞ்சட்டியாத் திருப்பித் தராம, அவிச்ச முட்டையை நிறைய வெச்சு அனுப்பினா நீலா.

மேல் வீட்டு வைஜயந்தி மாமி மாடிப்படியிலே நின்னு எல்லாத்தையும் பார்த்துட்டா. உள்ளே போனதும் மாமா சேஷுகிட்ட பொரிஞ்சு தள்ளினா.

"மசக்கைன்னா இப்படியா ஒரு பேராசை! மீன் வர்ற ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான். பெத்தவ கொண்டு வந்ததிலே அந்தக் குழந்தை வாயிலே ஒரு துண்டு போகப்படாதா?"

"உனக்கு ஏன்டி மீன் விசாரம்?" மாமா பேப்பரிலேருந்து தலையை நிமிர்த்தலை.

"எஸ்.டி.டி. பூத்திலேயும் இதே பேச்சுதான். 'அம்மா, விராலுக்குப் புளி முன்னாடி ஊத்தணுமா, மாங்கா போட்டா புளியைக் குறைக்கணுமா'ன்னு ஸ்ரீவைகுண்டத்துக்குப் போன் போட்டு உருகறா. பின்னாடி நிக்கறவா எல்லாரும் காத்துண்டு கிடக்கா."

மாமி எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனா. மீன் வாசனை வந்தா மாமிக்குக் குமட்டும்.

சாத்தப் போன கை அப்படியே நின்னுடுத்து.

வாசனையே வரலையே?

யோசிச்சுப் பார்த்தா, இதுக்கு முன்னாடி ஒரு தடவைகூட வந்த ஞாபகம் இல்லை.

எட்டிப் பார்த்தா. கொல்லைப்பக்கம், வாழைமரத்துக்குப் பின்னாலே நீலா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு, ஒரு குழியிலே மண்ணைத் தள்ளிக்கிட்டிருந்தா.

மாமி விடுவிடுன்னு இறங்கி வந்தா. குழியிலே விரால். வெட்டலை, கழுவலை.

"என்னடி அக்கிரமம் இது! குழந்தை வாயிலேருந்து பிடுங்கி மண்ணுலே போடறியா?"

நீலா நிமிர்ந்தா. "மெதுவா மாமி. இவுக கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலைக்கு வேட்டுதான்."

அவ புருஷன் சந்தானத்துக்கு இரும்புச் சாமானுக்கு முலாம் பூசற கம்பெனியிலே வேலை.

"முலாம் பூசின தண்ணியைச் சுத்தம் பண்ணாம அப்படியே ஆத்துல விடுதாங்களாம். குரோமியம், நிக்கல், எல்லாம் அதுல இருக்காம். மீனோட ஈரல்ல போய்த் தங்கிருமாம். இந்தா பாருங்க, செவுளெல்லாம் கறுத்துக் கிடக்கு. போன தடவை வந்ததுக்கு முதுகே கோணிப் போய்க் கிடந்துச்சு."

மாமிக்குப் பார்க்க முடியலை. "ராஜஸ்ரீகிட்ட இதைச் சொல்லிடறதுதானே?"

"சொன்னேனே. சிரிக்கா. 'எங்க ஆறு பாபி, எங்க தாத்தா காலத்துலேருந்து சாப்பிடறோம், எங்களை ஒண்ணும் செய்யாது'ங்கா. அந்தச் சின்னப் புள்ளைய நினைச்சா எனக்குத் தூக்கம் வரலை. மீனைத் தின்னாதேன்னா கேக்க மாட்டா. பிள்ளைத்தாச்சி கேட்டா மட்டும் இல்லேன்னு சொல்ல மாட்டா. அதான், இந்த வயிறு இருக்கிற வரைக்கும்..."

மாமி புடவையைத் தூக்கிச் செருகிண்டா. தானே உட்கார்ந்து மிச்ச மண்ணைத் தள்ளி மூடினா. ஜன்மத்திலே மீனைத் தொடாத கை.

அப்புறம் குழாயைத் திறந்துவிட்டா. "வா, வந்து கையை அலம்பிக்கோ. நாறறது பார்."

நீலா நகரலை. கையை மெதுவா மூக்குக்கிட்டே கொண்டு போனா. கண்ணை மூடிக்கிட்டா.

"செத்த நேரம் இருக்கட்டும் மாமி. ராஜஸ்ரீகிட்ட நான் சொல்லுத ஆசை மட்டும் பொய்யில்ல."