கோட்டிங் இல்லாத கத்தி

போன மாதம் பழம் நறுக்க என்று எடுத்துப்போன மடக்குக்கத்தியை மாற்றித் தரச் சொல்லி, அப்பாவின் கடைக்கு வந்து நின்றாள் அமலி. மகளே ஆனாலும் சவரிமுத்து சோதிக்காமல் எந்தச் சாமானையும் திரும்ப வாங்குவதில்லை. கத்தியை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். அலகின் கறுப்புப் பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மடக்கும் இடத்தில் ஆணி ஆட்டம் கண்டிருந்தது. ஒரே மாதத்தில் இப்படித் தளர வேண்டுமென்றால் தினமும் ஐம்பது தடவையாவது திறந்து மூடியிருக்க வேண்டும்.

“ஒரு கொய்யாக்காகூட நறுக்கல போலருக்கே. சும்மா வச்சு விளையாடினியா?” என்று சிரித்தார்.

“கோட்டிங் இல்லாதது குடுங்கப்பா. அந்தா பளபளன்னு இருக்கே, அது.”

“அது சீக்கிரம் கறை புடிக்கும்மா. எலுமிச்சம்பழம் பட்டாலே போதும். கறுப்புதான் நல்லா உழைக்கும்.”

“லைட்ட அணைச்சுட்டா கறுப்பு அவர் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குதுப்பா.” சாமானில் குறை சொல்லும் வாடிக்கைக்காரியின் குரலில்தான் சொன்னாள். “கையில கத்தி இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கிட்ட வராம நிப்பாரு.”

சவரிமுத்துவின் சிரிப்பு கலையக்கூட இல்லை. முகத்தில் அப்படியே நின்றுபோயிற்று. மூன்று ஊர் அலைந்து அவரே பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை.

அமலி அந்தப் பளபளக்கும் கத்தியைத் தானே எடுத்து, பழகிய ஒற்றைக் கையால் சட்டென்று விரித்தாள். அலகில் பட்ட வெளிச்சம் சுவரில் ஓடி அவர் கண்ணில் வந்து நின்றது.

“இது தெரியுதாப்பா?” என்று கேட்டாள்.