கிழட்டுத் தண்ணீர்

முகத்துவாரத்தில் தமயந்தி அள்ளிவந்த தண்ணீருக்கு, அதில் கரைந்திருந்த கதிரியக்கக் கரிமத்தை அளந்து, ஆய்வகம் இருபத்தெட்டாயிரம் வயது போட்டு அனுப்பியிருந்தது. அள்ளியதற்கு முந்தாநாள்தான் மழையில் ஆறு கொண்டுவந்த தண்ணீருக்கு! மூன்றாவது முறையாக இதே கூத்து. கோடிக்கணக்கான வருஷப் பழசான பெட்ரோலிய எண்ணெய் ஒரு பொட்டுப் பட்டாலும் போதும், புதுத் தண்ணீர் கிழடாகிவிடும். படகுக்காரர் கஸ்பாரைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"உங்க மண்ணெண்ண கைதான் அண்ணாச்சி, என் ஒரு வருஷ ஆராய்ச்சிய நாசமாக்கிடுச்சு."

அந்தப் பேச்சைக் கேட்ட கஸ்பார் இன்று எஞ்சினைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, துடுப்பு வலித்தே அவளை அழைத்துவந்தார். தண்ணீர் பிடிக்கும் பாட்டில்கள் இருந்த பக்கம்கூடத் திரும்பவில்லை.

உப்புக்காற்றில் உதடு வெடித்து எரிந்தது. தமயந்தி வழக்கம்போலக் களிம்பு டப்பாவைத் திறந்து, கையுறை போட்ட விரலாலேயே தடவிக்கொண்டு, அதே விரலால் பாட்டில் மூடியைத் திருகினாள்.

"அத எதுல செய்யுதாவ, மேடம்?" என்றார் கஸ்பார்.

டப்பாவைத் திருப்பினாள். பொடி எழுத்தில் முதல் சொல்லே பெட்ரோலியம்.

"தெரியல அண்ணாச்சி. நீங்க துடுப்பப் போடுங்க."

திருகிய மூடி அவள் விரல்களுக்கிடையில் வழுக்கிக்கொண்டே இருந்தது.