கலையலாம்

பெட்டியைக் குழிக்குள் இறக்கியாயிற்று. பாதிரியார் ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டார். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கார்களைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்து பேண்டு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

முன்னால் நிற்கும் மரிசோல் ஒரு சொல் சொன்னால்தான் அவர்கள் நகர்வார்கள். அந்தச் சொல் அவள் தொண்டையை விட்டு வெளியே வர மாட்டேன் என்றது.

டெக்சாஸ் செப்டம்பர் வெயில் சாவென்று தயவு காட்டுவதில்லை. இறகு செருகிய தொப்பிக்குள்ளிருந்து வியர்வை வழிந்து, கழுத்துவரை பொத்தான் போட்ட கனத்த கோட்டுக்குள் இறங்கியது. ஒருவரும் துடைக்கவில்லை.

இந்த பேண்டில் அது சட்டம். யூனிஃபார்ம் போட்டு வரிசையில் நின்றுவிட்டால், முன்னால் நிற்கும் மாணவத் தலைவரான டிரம் மேஜர் 'கலையலாம்' என்று சொல்லும்வரை மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது. வாத்தியார் சொன்னாலும் செல்லாது. பெற்ற தாயே வந்து கூப்பிட்டாலும் செல்லாது.

போன வெள்ளிக்கிழமை வரை அதைச் சொன்னவன் டாசன்.

சும்மா சொல்லிவிட மாட்டான். ஃபுட்பால் ஆட்டம் முடிந்து ஊரே வீட்டுக்குக் கிளம்பிய பிறகும் எல்லோரையும் நிற்க வைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பான். காதைக் குடைவான். "என்ன அவசரம்? அடுப்புல எதையாவது வச்சுட்டு வந்தீங்களா?" என்பான். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு ஏதோ தன் சொத்தை எழுதிக் கொடுப்பவன் மாதிரி அந்தச் சொல்லை மெதுவாக அவிழ்த்துவிடுவான்.

அன்றைக்கும் அப்படித்தான் சொன்னான். சொல்லிவிட்டு பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு மழையில் போனான். தாழ்ந்த ஓடைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் அளவுதான் இருக்கும் என்று நினைத்திருப்பான்.

மே மாதத் தேர்வில் அவனிடம் தோற்று, உதவி டிரம் மேஜர் ஆனவள் மரிசோல். அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். ஒரு நாளாவது அவன் இடத்தில் நிற்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டதும் உண்டு. இப்படிக் கிடைக்கட்டும் என்றா கேட்டாள்?

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

சொல்லிவிட்டால் அந்தச் சொல் இனி அவளுடையது. இவர்கள் கலைந்து போவார்கள், சாப்பிடுவார்கள், திங்கட்கிழமை வகுப்புக்கும் வருவார்கள். டாசன் இல்லாமலே எல்லாம் நடக்கும் என்று ஆகிவிடும். அதைத் தன் வாயால் தொடங்கி வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளும் டாசனைப் போல வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள் என்று நினைத்தார்களோ என்னவோ. அந்தச் சிரிப்பு பாதியிலேயே விசும்பலாகிவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரிய குழலைத் தோளில் சுற்றியிருந்த பையன் லேசாக ஆடினான். இன்னும் கொஞ்ச நேரம் போனால் விழுந்துவிடுவான்.

அப்போதுதான் டாசனின் அம்மா லிடியா, கை நிறையத் தண்ணீர் பாட்டில்களோடு வந்தாள்.

காலையிலிருந்து அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பூவளையங்களை ஒழுங்காக நகர்த்தி வைத்தாள். வயசானவர்களுக்கு நிழலில் நாற்காலி போடச் சொன்னாள். சர்ச் கூடத்தில் சாசேஜ் எல்லோருக்கும் வருமா என்று பார்த்துவர ஆள் அனுப்பினாள். மகனை மண்ணில் வைத்துவிட்டு சாப்பாட்டுக் கணக்கா பார்க்கிறாள், நல்ல நெஞ்சழுத்தம்தான் என்று பெண்கள் காரில் ஏறும்போது பேசிக்கொண்டார்கள்.

"ஏன் கண்ணு இன்னும் வெயில்ல நிக்கிறீங்க? பிள்ளைங்க மூஞ்சியெல்லாம் வெந்து போச்சு பாரு. அங்க எல்லாம் சூடா எடுத்து வச்சாச்சு, போய்ச் சாப்பிடுங்க."

மரிசோல் தலையைத் திருப்பாமல் பேசினாள். "நான் சொல்லணும், மிஸ் லிடியா. நான் சொன்னாத்தான் போவாங்க."

"அப்பச் சொல்லேன்."

"வர மாட்டேங்குது."

லிடியா வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள்.

"நீ சொல்லலேன்னா?"

"இப்படியே நிப்பாங்க. யூனிஃபார்ம் போட்டிருக்கிற யாரும் போக முடியாது."

"யாருமேவா?"

"யாருமே."

லிடியா குழிப் பக்கம் திரும்பினாள். பெட்டியைக் கடைசிவரை திறக்கவே இல்லை. தண்ணீரில் கிடந்த முகத்தை ஊர் பார்க்க வேண்டாம் என்று அவள்தான் தடுத்திருந்தாள்.

பாட்டில்களைப் புல்லில் வைத்தாள். மரிசோலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்கும் இந்த யூனிஃபார்மத்தான் போட்டு விட்டிருக்கேன்" என்றாள். "கழுத்துப் பொத்தான் வரைக்கும் நானே போட்டேன்."

பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, "சொல்லாத கண்ணு. இன்னும் கொஞ்ச நேரம் சொல்லாத" என்றாள்.