காலி வேன்

"நாளையிலிருந்து உங்க பாப்பாவை ஆறே முக்காலுக்கு ஏத்த முடியாதும்மா. எட்டு மணிக்கு வர்றேன்."

போனில் இவ்வளவுதான் சொன்னார் பள்ளி வேன்காரர். ஏன் என்று பாப்பாவின் அம்மா கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

தையல் மிஷினில் பாதி தைத்த துணி அப்படியே கிடந்தது. காரணம் என்ன, தெரியாத காரணமா? பாப்பா மாடிப்படி இறங்க எட்டு நிமிஷம் ஆகிறது. வேன் நிற்கிறது. மற்ற அம்மாக்கள் முணுமுணுக்கிறார்கள். மெல்லக் கழற்றிவிடப் பார்க்கிறார் மனுஷன்.

பார்க்கட்டும், விடுவதாயில்லை அவள். இந்த ஒரு வருஷத்தில் யாரோடுதான் சண்டை போடவில்லை?

காலையில் நொண்டுகிறவள் சாயங்காலம் கயிறு தாண்டுகிறாளே, மட்டம் போட நடிக்கிறாள் என்றாள் டீச்சர். ஒன்பது வயசில் மூட்டுவாதம் எங்கேயிருந்து வரும், வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலிதான் என்று அனுப்பிவிட்டார் முதல் டாக்டர். வீங்கிய முழங்காலைக் காட்டிக் காட்டி நாலாவது டாக்டரிடம் போனபிறகுதான், குழந்தைகளுக்கும் அது வரும் என்று ஒருவர் வாயால் கேட்டாள். வாராவாரம் ஊசி போடுவது வெளியே தெரிந்தால் நாளைக்கு எவன் கட்டுவான் என்று நாத்தனார் கவலைப்பட்டாள். முதலில் என் மகள் நடக்கட்டும், கட்டுகிறவன் பிறகு வரட்டும் என்று வாயை அடைத்தாள்.

மறுநாளும் வழக்கம்போல ஆறு மணிக்கே பாப்பாவை எழுப்பினாள். வெந்நீர் ஊற்றினாள். டாக்டர் சொன்னபடி காலை மடக்கி நீட்ட வைத்தாள்.

எட்டு மணிக்கு ஹாரன் கேட்டது. நீ மெதுவா வா என்று சொல்லிவிட்டு, அவள் முன்னால் விறுவிறுவென்று இறங்கினாள். நடக்கப்போகிற சண்டை பிள்ளை காதில் விழ வேண்டாம்.

ஓட்டுகிறவர் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். வேனில் ஒரு பிள்ளைகூட இல்லை. சுர்ரென்று தலைக்கு ஏறியது.

"என் பொண்ணு மத்த பிள்ளைங்களோட உட்காரக்கூடாதா? இது என்ன தொத்திக்கிற ஒட்டுவாரொட்டி நோயா? தனியா ஏத்திட்டுப் போறதுக்கு அவ என்ன பாவம் பண்ணினா?"

அதோடு நிற்கவில்லை. டீச்சருக்குச் சொல்ல வேண்டியது, டாக்டருக்குச் சொல்ல வேண்டியது, நாத்தனாருக்குச் சொல்லி மிச்சம் வைத்தது எல்லாம் சேர்ந்து அவர் தலையில் இறங்கியது. அவர் வேனின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் துணியை மடித்து வைத்தார்.

"தூங்கி எழுந்து ஒரு ரெண்டு மணி நேரம் போனாத்தான் காலு இறுக்கம் விடும்னு பாப்பா சொல்லுச்சு. ஒரே இடத்துல உட்கார்ந்தா மறுபடி பிடிச்சுக்குமாம். நான் என்னடான்னா அதை முதல்ல ஏத்தி, ஊரெல்லாம் ஒரு மணி நேரம் உட்கார வெச்சே சுத்தியிருக்கேன். இங்கிருந்து நேரா போனா பள்ளிக்கூடம் பத்து நிமிஷம். அதான் எல்லாரையும் இறக்கிட்டு, இதுக்காகத் திரும்பி வந்தேன்."

ஜன்னலைப் பிடித்திருந்த கையை எடுத்தாள் அவள்.

"இருங்க, போய்த் தூக்கிட்டு வந்துடறேன்" என்று படியைப் பார்த்துத் திரும்பினாள்.

"யாரைத் தூக்கப் போறீங்க? நீங்க டீச்சரைத் திட்டிட்டு இருக்கும்போதே பாப்பா தானா இறங்கி வந்து, அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்துடுச்சும்மா."