உடைமுள் கிடந்த பாதை

"ஓய், வேலிய வெட்டுனா முள்ள வாரி ஓரமாப் போடப்பிடாதா? நடுப்பாதையில பாயா விரிச்சு வச்சிருக்கேரு?"

டைட்டஸ் சைக்கிளை விட்டு இறங்கிக் கத்தினான். முன்சக்கரம் புஸ்ஸென்று அடங்கிவிட்டது. பின்சக்கரமும் அதே வழிக்குப் போய்க்கொண்டிருந்தது. சுசீந்திரம் தாண்டி, வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே ஊருக்குள் போகிற வண்டிப்பாதை அது. தோப்பு வேலியில் வெட்டிய உடைமுள் கிளைகள் பாதையை அடைத்துக் கிடந்தன.

வேலியோரம் அரிவாளோடு நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்தார். அழுக்கு வேட்டி, சட்டையில்லாத உடம்பு, தலையில் துண்டு. கையெல்லாம் முள் கீறிய கோடுகள். யாரோ கூலிக்காரர் என்றுதான் டைட்டஸுக்குப் பட்டது.

"தப்புதான் மக்கா. ரெண்டு சக்கரமும் போச்சா?"

"போச்சாவா? முக்குல பஞ்சர் ஒட்டுதவன் உமக்கு மச்சானா ஓய்?"

டைட்டஸ் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அட்டெண்டர். பசி வந்தால் அவனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றைக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படவில்லை. இந்தப் பக்கத்து ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம். பஸ் ஓடவில்லை. டாக்டர் தன் சைக்கிளைக் கொடுத்து அனுப்பியிருந்தார். காற்றில்லாமல் உருட்டினால் டியூப் கிழியும். டியூப் கிழிந்தால் டாக்டர் டைட்டஸைக் கிழிப்பார். நல்லவேளை, சீட்டுக்குக் கீழே பையில் ஒட்டுச் சாமான் இருந்தது. அங்கேயே குந்தி உட்கார்ந்து டயரைக் கழற்றினான்.

பெரியவர் வாய்க்காலிலிருந்து பனையோலைப் பட்டையில் தண்ணீர் கோரிக்கொண்டு வந்தார்.

"எங்க மக்கா போற?"

"இந்த ஊருக்குத்தான். அய்யம்பெருமாள் பிள்ளை வீட்டுக்கு."

"இது அவரு தோப்புதான். இன்னைக்கு அவருக்க தம்பி மகளுக்குக் கல்யாணம்லா."

"கல்யாண நாளும் அதுவுமா வேலி வெட்டச் சொன்னாராக்கும்."

"இன்னைக்கே வெட்ட வேண்டியிருந்து. வெட்டுதேன்."

டைட்டஸ் டியூபைத் தண்ணீரில் முக்கினான். "நான் கல்யாணத்துக்குப் போகல ஓய். அவருக்க பெஞ்சாதி ஆஸ்பத்திரியில கெடந்தாள்லா, விடியக்காலம் உசிரு போயிட்டு. அதச் சொல்லத்தான் போறேன்."

பெரியவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். டியூபிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன.

"அந்தா, அங்கன ஒரு ஓட்டை" என்றார். அந்த இடத்தை விரலால் அமுக்கிப் பிடித்தார். கொஞ்சம் கழித்து, "மெதுவாப் போ மக்கா. தாலி கெட்ட இன்னும் ஒரு நாழிகை இருக்கு" என்றார்.

"அதுக்கு?"

"சாவு காதுல விழுந்தாத்தான் பங்காளிக்குத் தீட்டு. விழுந்திட்டா மணவறையப் பிரிச்சிருவாங்க. அழகியநாயகிக்கு ஏற்கெனவே ரெண்டு முகூர்த்தம் இப்பிடி மொடங்கியாச்சு. ஒருக்க பாட்டா செத்தாரு, ஒருக்க ஆச்சி செத்தா. ராசியில்லாதவன்னு பேராயிட்டு. இதுவும் நின்னா அவள எவன் கெட்டுவான்? பெத்தது வேற ஒருத்தி. தோளுல போட்டு வளத்தது இப்பம் செத்தாளே, அவதான்."

அந்தப் பெண்ணை நினைத்தால் டைட்டஸுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் பார்த்த முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"அங்க ஒருத்தி நாதியில்லாம வெள்ளைத்துணி மூடிக் கெடக்கா. அதுக்கு என்ன சொல்லுதேரு?"

பெரியவர் டயரில் ஏறியிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தார்.

"ராத்திரி டூட்டி பாத்த சகாயம் சொன்னான்" என்றான் டைட்டஸ். சொல்லச் சொல்ல அவனுக்கு ஆத்திரம் ஏறியது. "நடுச்சாமம் வரைக்கும் புருசன்காரன் கட்டில்கிட்டதான் இருந்தானாம். பொறவு ஆளக் காணல. அவ கண்ண மூடுத வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாளாம். சாகக் கெடக்குதவள விட்டுட்டு, பந்தியில மொத எலைக்கு ஓடியிருக்கான். மனுசனா ஓய் அவன்?"

"இல்ல" என்றார் பெரியவர். "மனுசன் செய்யுத காரியம் இல்ல."

"நேர்ல கண்டா மூஞ்சியில காறித் துப்பணும்."

"துப்பணும்தான்."

டைட்டஸ் ஒட்டி முடித்து, காற்றடித்து, சைக்கிளை நிமிர்த்தினான். பெரியவர் ஓடிவந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"வளைவு வரைக்கும் முள்ளுதான் மக்கா. பொறு, வாரித் தாறேன்."

செருப்பில்லாத காலோடு முள்ளுக்குள் இறங்கினார். ஒரு கிளையைத் தூக்கி ஓரத்தில் போடுவதும், நின்று ஊர்ப்பக்கம் பார்ப்பதும், அடுத்த கிளையைத் தூக்குவதுமாக இருந்தார். குதிகாலில் ரத்தம் வடிந்தது. அந்த வேகத்தில் வாரினால் மறுநாள்தான் ஊர் போய்ச் சேரமுடியும். டைட்டஸ் பொறுத்துப் பார்த்தான். முடியாமல் போய், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

"நவுரும் ஓய்."

அப்போது ஊருக்குள்ளிருந்து கெட்டிமேளம் கேட்டது. தவிலும் நாகசுரமும் வயல்வெளியெல்லாம் நிறைந்து முழங்கின. தாலி ஏறுகிற நேரத்தில் அபசகுனமாக ஒரு தும்மல்கூட யார் காதிலும் விழக்கூடாது என்று அடிக்கிற மேளம் அது.

பெரியவர் கையிலிருந்த கிளை கீழே விழுந்தது. முள்ளின் மேலேயே உட்கார்ந்தார். அந்த மேளச்சத்தத்துக்குள், தலையில் அடித்துக்கொண்டு அலறினார்.

"ஏட்டி பார்வதி, 'பிள்ளை கழுத்துல தாலி ஏறுத வரைக்கும் என் சாவு ஊருக்குள்ள வரப்பிடாது, போயித் தடுத்து நிறுத்தும்'னு கட்டில்ல கெடந்து என்ன வெரட்டி விட்டியே. நிறுத்திட்டேன்டி. இனி நான் உன்னப் பாக்க வரலாம்லா?"