தோழர் அப்புத்துரை கேட்ட பாவசங்கீர்த்தனம்

அந்தோனிமுத்து மணலில் முழந்தாளிட்டதும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த தோழர் அப்புத்துரை பதறியடித்துக்கொண்டு கதிரையை விட்டு எழுந்தார்.

“தோழர், எழும்புங்கோ! இது கோயில் இல்லை.”

கோயில் இல்லைதான். முல்லைத்தீவுக் கடற்கரையில், கட்சித் தோழர் அல்பேர்ட்டின் கருவாடு காயப்போடும் வாடி. ஆனால் செய்த பிழையை வாய்விட்டுச் சொல் என்றால் வேறு எப்படி இருந்து சொல்வது என்று அந்தோனிமுத்துவுக்குத் தெரியாது. பாவசங்கீர்த்தனம் கேட்கும் பங்குச்சாமிக்கு முன்னால், மீசை முளைக்க முன்னமே பழகிய பழக்கம் அது.

தோழர் அப்புத்துரை கட்சியைத் திருத்த வந்திருந்தார். கிளைகளுக்குள் ஊத்தை சேர்ந்துவிட்டதாம். அதை உள்ளேயிருந்துதான் கழுவ வேண்டுமாம். இனிமேல் ஒவ்வொரு தோழரும் மற்றத் தோழர்களுக்கு முன்னால் தன் பிழைகளைத் தானே சொல்ல வேண்டும். மறைப்பவனுக்குக் கட்சியில் இடமில்லை. சுயவிமர்சனம் என்று அதற்கொரு பெயரும் வைத்திருந்தார்கள்.

உலகத்தில் யாருமே கேள்விப்படாத புதினம் போல அவர் அதை விளக்கினார். சனிக்கிழமை தவறாமல் அதைச் செய்தே வளர்ந்த கடல்தொழிலாளர்கள், கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இருந்த கதிரைகூடக் கோயிலில் இரவல் வாங்கியது.

கிளைச் செயலாளர் என்றபடியால் அந்தோனிமுத்துதான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது.

சிவப்புக்கொடிக்காரனுக்குப் பாவமன்னிப்பும் இல்லை, நற்கருணையும் இல்லை என்று உரோமாபுரியிலிருந்து கட்டளை வந்திருந்த காலம். அதனால் அந்தக் கரையில் கட்சியில் சேர்ந்தவன் எவனும் வெளியில் மூச்சு விடுவதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் அந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விழுங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக் கிளையும் பூசையில் முன்வரிசையில் நிற்கும்.

அந்தோனிமுத்து மட்டும் எப்படியோ பிடிபட்டுப்போனான். கட்சிப் பத்திரிகைக் கட்டை பஸ்ஸிலிருந்து இறக்கும்போது யாரோ கண்டிருக்க வேண்டும் என்பது அவனுடைய கணக்கு. கட்சியை விட்டுவிட்டு வா என்றார் சாமி. அந்தோனிமுத்து வீம்புக்காரன். விடவில்லை. மூன்று வருசமாகப் பூசை நேரத்தில் கோயிலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் நிற்கிறான். அடுத்த மாதம் மகள் றோஸ்மேரியின் கலியாணத்துக்கும் அங்கேதான் நிற்க வேண்டும்.

நின்றுவிடலாம். மரத்துக்கு நிழல் இருக்கிறது. ஆனால் நெஞ்சுக்குள் கிடந்த பாவத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது?

மாப்பிள்ளை, அல்பேர்ட்டின் மகன். அல்பேர்ட்டோ நேரெதிரே, மீன்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்து சுருட்டுக் குடித்துக்கொண்டிருந்தான். சொன்னால் பிள்ளையின் கலியாணம் குழம்பும். சொல்லாவிட்டால் சம்பந்தி வீட்டுச் சோறு தொண்டைக்குள் இறங்காது. தேள் கொட்டிய கள்ளனைப்போல இத்தனை காலம் இருந்தது போதும் என்று பட்டது அவனுக்கு.

“என்னை ஆசீர்வதியும் தோழரே, நான் பாவி. அல்பேர்ட்டின்ரை நைலோன் வலையைக் கத்தியாலை வெட்டினது நான்தான்.”

அந்தக் கரைக்கு வந்த முதல் நைலோன் வலை அது. மற்றவர்கள் எல்லோரும் பருத்தி நூல் வலையைக் கிழியக் கிழியப் பொத்திச் சீவித்த நாட்களில், அல்பேர்ட் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தான். அந்தோனிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். கடலில் ஓங்கில் மீன் கிழித்துவிட்டது என்று அல்பேர்ட் சொல்ல, ஊரே கூடி நின்று ஓங்கிலைத் திட்டியது. அந்தோனிமுத்துவும் கூட நின்று, எல்லோரையும்விடக் கொஞ்சம் சத்தமாகவே திட்டினான்.

இது தனிச்சொத்துக்கு எதிரான வர்க்கத் தாக்குதலாக இருக்குமோ என்று தோழர் அப்புத்துரையின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அந்தோனிமுத்து மூக்கைச் சிந்தி அழுவதைக் கண்டு அந்த ஆசையைக் கைவிட்டார்.

அழுது முடிய அந்தோனிமுத்துவுக்கு உடம்பு பஞ்சாகிவிட்டது. மூன்று வருசத்தில் இப்படி ஒரு சுகத்தை அவன் கண்டதில்லை.

“அபராதம் என்ன, தோழர்?”

தோழர் விழித்தார். பாவத்தைக் கேட்டவர்தான் அதற்குரிய அபராதத்தையும் கொடுக்க வேண்டும் என்று பின்னாலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

“பத்துப் பத்திரிகை வித்துப்போடுங்கோ” என்றார் தோழர், யோசித்து.

எல்லோரும் அல்பேர்ட்டைப் பார்த்தார்கள். அவன் சுருட்டை வாயிலிருந்து எடுத்தான்.

“கலியாணம் நிக்காது அந்தோனி, பயப்பிடாதை. உன்ரை கத்தி வெட்டு எனக்குத் தெரியாதே? அண்டைக்கே கண்டிட்டன். அந்தக் கோவத்திலை, நீ கட்சியெண்டு சாமியிட்டைப் போய்ச் சொன்னது நான்தான்.”

அந்தோனிமுத்து எழும்ப மறந்து அப்படியே முழந்தாளில் இருந்தான். மூன்று வருசத்து ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிப் பார்த்தான். இரண்டு குடும்பமும் கோயிலுக்குள் நிற்க, தான் மட்டும் வெளியே நின்று மகளின் முக்காட்டை யன்னலால் எட்டிப் பார்க்கப்போவதை நினைத்தான்.

தோழர் அப்புத்துரைக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரே பின்னேரத்தில் இரண்டு தோழர்கள் திருந்திவிட்டார்கள் என்றால் தலைமைக்குழு இவரைத் தலையில் வைத்துக் கொண்டாடாதா? தொழிலும் அவருக்கு இப்போது பிடிபட்டிருந்தது. கதிரையில் நிமிர்ந்து இருந்து, அந்தோனிமுத்துவுக்குப் பக்கத்து மணலைக் கையால் காட்டினார்.

“முழந்தாளிடுங்கோ, தோழர் அல்பேர்ட். உங்களுக்கும் பத்துப் பத்திரிகை.”

அல்பேர்ட் பெட்டியை விட்டு அசையவில்லை.

“எனக்கு வேண்டாம் தோழர். நான் அந்தப் பாவத்தை அந்தக் கிழமையே சாமியிட்டைச் சொல்லிப் பாவமன்னிப்பு வாங்கியிட்டன். அபராதமா மூண்டு அருள்நிறைஞ்ச மந்திரம்தான் சொல்லத் தந்தவர்.”